கதலி விலை மட்டும் சொன்னேன்

ஜனவரி 9, செவ்வாய்

மயக்கம் வந்தால் என்றைக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் ஊர் டாக்டர். உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொட்டாஷ் போடச் சொல்லி ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு வந்திருப்பது பொட்டாஷுக்குக் கேட்குமா தெரியவில்லை.

முதலில் என் விவரம். பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து மூன்று. படிப்பு பத்தாம் வகுப்பு, அதையும் அவசரப்படாமல் இரண்டு வருடம் படித்தேன். கோபிக்குப் பக்கத்தில் வாழைத்தார் ஏலக்களத்தில் ஏலம் விடுகிறேன். களத்தில் மைக் கிடையாது. என் தொண்டைதான் மைக். மனைவி சம்பூரணம். ஒரே மகள் தாரணி, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிறாள், அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். கரூர்ப் பையன் ஒருவனைப் பேசி முடித்திருக்கிறோம். ஆவணியில் கல்யாணம்.

இடது தாடைக்குக் கீழே எனக்கு ஒரு வீக்கம். முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது, அப்புறம் நெல்லிக்காய், இப்போது எலுமிச்சங்காய். வலி கிடையாது. தொட்டால் மட்டும் உள்ளே ஏதோ துடிக்கும். துடிப்பது நல்லதுதானே, உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம் என்று விட்டுவிட்டேன்.

மயக்கம்: இன்று காலை சலூனில். செல்வன் சவரம் செய்யும்போது தலையைச் சாய்த்து வீக்கத்தின் மேலேயே கட்டைவிரலை ஊன்றினான். கத்தி கழுத்தில் இருக்கும்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது. விழித்துப் பார்த்தால் செல்வன் என்னைவிட வெளுத்துப்போய் நிற்கிறான். "நான் ஒண்ணுமே பண்ணலீங்ணா, நீங்களே சொல்லுங்ணா" என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தேன். மீதியை நானே செய்துகொண்டேன், ரோட்டில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிப் போகிற பஸ் மாதிரி வீக்கத்தைச் சுற்றிப் போய்.

ஜனவரி 13, சனி

சம்பூரணம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இது பொன்னுக்கு வீங்கி. தங்கம் போட்டால் அடங்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே அது வரும் என்றேன். "உங்களுக்கென்ன பெரிய மனுசன் புத்தியா இருக்குது" என்று தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். டாலரில் இரண்டு மயில்.

பொங்கலுக்கு முந்தின சந்தை. களம் முழுக்கத் தார். நான் வரிசைக்கு வரிசை நடந்து "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கத்தக் கத்த மயில் சட்டைக்கு வெளியே வந்து ஆடுகிறது. கேரளா வியாபாரி முதற்கொண்டு விடவில்லை.

"ஏனுங்ணா, பொண்ணு பாக்க வாறாங்களா?"

"நேந்திரனை விடுங்க, அண்ணன் சங்கிலிய ஏலத்துல போடுங்கப்பா."

நானும் சிரித்தேன். இந்தக் களத்தில் சிரிக்காதவன் பிழைக்க முடியாது. ஆனால் திரும்பித் திரும்பி எல்லாரும் கழுத்தையே பார்ப்பது எரிச்சலாக இருந்தது. மயக்கம் இல்லை.

ஜனவரி 24, புதன்

வீக்கம் அப்படியே இருக்கிறது. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணி ஒன்றை நெளித்துவிட்டேன் என்று திட்டு.

பிப்ரவரி 2, வெள்ளி

ஈரோட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். காலை பஸ் ஏறி, மத்தியானம் வரை காத்திருந்து, உள்ளே போனதும் சட்டென்று ஊசி எடுத்தார். கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்க வேண்டுமாம். குத்தின உடனே ஊசிக் குழாய் தானாகவே சிவப்பாக நிறைந்தது. டாக்டர் முகத்தில் நான் செல்வன் முகத்தைப் பார்த்தேன். பஞ்சை வைத்து அமுக்கினார். அமுக்கியதில் மறுபடியும் மயங்கிவிட்டேன். (மயக்கம் என்று எழுத வேண்டியது இதையும்தான்.)

எழுந்ததும் சொன்னார். "இதுல இனிமே ஆரும் கை வைக்கக் கூடாதுங்க. ஊசியும் போடக் கூடாது. இது ரத்தக் குழாய் சமாச்சாரம். கோயமுத்தூர் போயிருங்க."

கை வைத்துவிட்டு, கை வைக்கக் கூடாது என்கிறார். நான் ஏலம் முடிந்த பிறகு இந்த விலைக்குக் கொடுக்கக் கூடாது என்று சொன்னால் விவசாயி விடுவானா.

பிப்ரவரி 12, திங்கள்

கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தக் குழாய் அறுவை செய்கிற டாக்டர், எஸ்தர் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்த பிறகு, ஒரு பேப்பரில் கவட்டை ஒன்றை வரைந்தார். குருவி அடிக்கிற கவட்டை.

"கழுத்துல மேல போற பெரிய ரத்தக் குழாய் இந்த எடத்துல ரெண்டாப் பிரியுது. ஒண்ணு மூளைக்கு, ஒண்ணு முகத்துக்கு. பிரியற எடத்துல அரிசி அளவுக்கு ஒரு பொருள் எல்லாருக்கும் இருக்கும். ரத்தத்துல காத்து சரியா இருக்குதான்னு பாக்கற வேலை அதுக்கு. உங்களுக்கு அது வளந்து கவட்டைய அடைச்சு உக்காந்திருக்குது. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்."

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையும் முதலிடம் வராதவனுக்கு லட்சத்தில் ஒருத்தன் பட்டம்.

புற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் விட்டால் வளரும் என்றார். சுற்றிலும் நரம்புகள் ஓடுகின்றன, நாக்குக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. எடுக்கும்போது அவை அடிபடலாம். மூளைக்கு ரத்தம் தடைபடவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. நான் குரலைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டேன்.

அப்புறம்தான் சொன்னார், வலது பக்கமும் ஒன்று இருக்கிறது, சின்னது. அதை இப்போது தொட மாட்டோம், இரண்டு பக்கமும் வெட்டினால் ரத்த அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறி இறங்கும். "ரெண்டு பக்கமும் இருந்தா பரம்பரையா இருக்கலாமுங்க. உங்க குடும்பத்துல கழுத்து வீக்கம் ஆருக்காச்சும்?"

எங்கள் குடும்பத்தில் வீம்புதான் பரம்பரை என்றேன். சிரிக்காமல் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். விசாரித்துவிட்டு வரச் சொன்னார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

களத்தில் எல்லாரும் என்ன வியாதி என்று கேட்டார்கள். பெயர் வாயில் நுழையவில்லை. கவட்டைக் கட்டி என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு எல்லாரும் வேறு இடத்தைப் பார்க்கிறார்கள். மூன்று பேர் மூன்று வைத்தியரைச் சொன்னார்கள். அதில் ஒரு வைத்தியர் மேலே பல்லி விழுந்தால்கூட மருந்து கொடுப்பாராம்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. அந்தியூர் போகிற வழியில் எங்கள் குலதெய்வக் கோயில். பங்காளிகள் எல்லாரும் கூடுகிற நாள். இந்த வருடம் நான் சாமியைப் பார்த்ததைவிடக் கழுத்துகளைப் பார்த்ததுதான் அதிகம். தடித்த கழுத்து, மெலிந்த கழுத்து, பவுடர் அடித்த கழுத்து. யாரும் பிடிபடவில்லை.

மாசி வெயிலில் ஒரே ஒருத்தர் மப்ளர் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகன் சென்னியப்பன். வாய்க்கால் தண்ணீர் முறையில் சண்டை வந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடா கழுத்தையே பாக்கற? சங்கிலி அறுக்க வந்தியா?"

"மப்ளர் எதுக்குங்ணா இந்த வெயில்ல?"

"தண்ணி மொறைக்கு வந்த. இப்ப மப்ளருக்கு வந்துட்டியா?"

பேசிப் பிரயோசனமில்லை என்று என் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மப்ளரைத் தளர்த்தினார். இரண்டு பக்கமும். என்னுடையது எலுமிச்சை என்றால் அவருடையது சாத்துக்குடி.

"அப்பாருக்கும் இருந்துச்சு. உங்கொப்பனுக்கும் இருந்துச்சு. தொண்டை கம்மிக் கம்மித்தான் செத்தாரு."

அப்பாரு என்றது எங்கள் தாத்தாவை. பீடியால்தான் என் அப்பாவுக்குக் குரல் போயிற்று என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாவம் பீடி.

பூசை முடிந்து பூசாரி மாலை கொடுத்தார். எல்லாருக்கும் கழுத்தில் போடுவார், எங்கள் கொத்தில், அந்தத் தாத்தா வழி வந்த ஆண்களுக்கு மட்டும் கையில் கொடுப்பார். அது எங்களுக்கென்று இருக்கிற தனி மரியாதை என்று நான் இதுவரை நெஞ்சை நிமிர்த்திக் கை நீட்டியிருக்கிறேன். இன்றைக்குத்தான் சென்னியப்பன் காரணம் சொன்னார். அப்பாருக்கு ஒரு சிவராத்திரி அன்று ஈரமாலையைக் கழுத்தோடு இறுக்கிப் போட்டார்களாம். அந்த இடத்திலேயே கண் சொருகி விழுந்துவிட்டாராம். இந்தக் கொத்துக் கழுத்தில் மாலை விழுவது அம்மனுக்கு ஆகவில்லை என்று அன்றைக்கே வாக்குக் கேட்டு முடிவு செய்துவிட்டார்கள்.

"அண்ணா, அது அம்மன் இல்லீங்ணா. சவரம் பண்றப்ப நானும் அப்படித்தான் விழுந்தேன். ரத்தக் குழாய்ல கட்டி. அமுக்குனா மயக்கம் வருது."

"ரத்தக் குழாயப் படைச்சது ஆரு?"

இதற்கு எஸ்தர் டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு தடவை வந்து ஸ்கேன் எடுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். பெங்களூரில் இருக்கிற உங்கள் மகன்களிடமாவது சொல்லுங்கள் என்றேன்.

"அவனுகளுக்குச் சொல்லீறாத. பெரியவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறம். கட்டி கிட்டின்னு காதுல விழுந்தா ஆரு குடுப்பா?"

பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் வயிற்றெரிச்சல். பெற்ற பிள்ளைகளிடம் மறைக்கிற தகப்பன் என்ன தகப்பன். வீட்டுக்கு வந்து சம்பூரணத்திடமும் இதைச் சொல்லிப் பொருமினேன்.

மார்ச் 18, திங்கள்

ரத்த முடிவு வந்துவிட்டது. பரம்பரைதான். ஏதோ ஒரு ஜீன் கோளாறு. எஸ்தர் டாக்டர் அரை மணி நேரம் உட்காரவைத்து விளக்கினார்.

இது அப்பாவிடமிருந்து வந்தால்தான் கட்டியாக வரும். அம்மாவிடமிருந்து வந்தால் கோளாறு உடம்பில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் கட்டி கிளம்பாது.

"அப்ப எங்க பங்காளி மொறை மாதிரியேங்க டாக்டர். அப்பன் வழிதான் கணக்கு."

"அப்படியே வெச்சுக்கங்க. உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரே பொண்ணுங்க."

"அவங்களுக்கு வந்திருக்கறதுக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்குது. ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. வந்திருந்தா உடனே ஸ்கேன் பாத்துரலாம். சின்னதுல தெரிஞ்சா எல்லாம் சுலபம். உங்களுது நரம்பைச் சுத்திக்கிச்சு, அதுதான் கஷ்டம். சீக்கிரம் சொல்லீருங்க."

"சொல்லீர்றனுங்க" என்றேன். எனக்கு ஏப்ரல் பதினாறு அறுவைச் சிகிச்சை.

சம்பூரணம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கடைசியில் கத்தியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் முடியட்டுமுங்க. அவிய வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க" என்றாள். நான் சொல்லத் தயார். அவள்தான் வேண்டாம் என்கிறாள். என்ன செய்வது, வீட்டில் சண்டை வேண்டாமே.

சாயங்காலம் தாரணியிடம் வழக்கம்போலப் பேசினேன். கதலி விலை சொன்னேன்.

மார்ச் 21, வியாழன்

தாரணியைக் கூப்பிட்டேன். சிக்னல் சரியில்லை.

மார்ச் 24, ஞாயிறு

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு. பூவன் விலை இறங்கியதைப் பற்றிப் பேசினோம். கல்யாணப் புடவை நிறம் பற்றி அவளும் அம்மாவும் அரை மணி நேரம்.

மார்ச் 27, புதன்

அவள் ஆபீசில் ஏதோ ஆர்டர் அனுப்புகிற அவசரம். தொந்தரவு செய்யக் கூடாது.

ஏப்ரல் 3, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மா போன். அறுவைக்கு முன்னால் என்ன சாப்பிட வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொன்னார். கடைசியில் "பொண்ணு எப்பங்க ரத்தம் குடுக்க வாறாங்க? டாக்டர் கேக்கச் சொன்னாங்க" என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வேறு நோயாளியே கிடையாதா.

ஏப்ரல் 9, செவ்வாய்

களத்தில் இன்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த செவ்வாய் நான் மேசை மேல் படுத்திருப்பேன். ரஸ்தாளியை யாருமே எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று மூன்று தரம் சொல்லி முடித்த பிறகும் நாலாவது தரம் சொன்னேன். "என்னங்ணா புதுக் கணக்கு" என்று சிரித்தார்கள்.

வேறு யாராவது தாரணியிடம் சொல்லித் தொலைத்தால் தேவலை.

ஏப்ரல் 15, திங்கள்

தொலைந்தது.

காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாரணி லீவு போட்டுத் திருப்பூரிலிருந்து நேராக வந்துவிட்டாள். எனக்கு ஆரஞ்சு, அம்மாவுக்குக் கழுத்துக்கு வைக்கிற தலையணை எல்லாம் வாங்கி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் டாக்டர் வந்தார். என் நாக்கை நீட்டச் சொன்னார், பேசச் சொன்னார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் தாரணியா? யோசிச்சுட்டு இருக்கறீங்கன்னு அப்பா சொன்னாராம். யோசிங்க, தப்பில்ல. ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்கம்மா."

"எதை டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் தொங்குகிற கம்பியைப் பார்த்தேன். அந்தக் கம்பியில் பார்க்க ஒன்றும் இல்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கவட்டையையும் வரைந்தார். நான் கேட்டபோது வரைந்ததைவிட நன்றாக வந்திருந்தது.

டாக்டர் போன பிறகு தாரணி ஆரஞ்சை முழுக்க உரித்து முடித்தாள். சுளை சுளையாகத் தட்டில் அடுக்கினாள்.

"எப்பிருந்துங்ப்பா தெரியும்?"

"போன மாசம் பதினெட்டு கண்ணு."

"அன்னிக்குச் சாயங்காலம் போன் பண்ணுனீங்க."

"ஆமா."

"கதலி முப்பத்தெட்டு ரூவாய்க்குப் போச்சுன்னு சொன்னீங்க."

"நெசமாலுமே போச்சு சாமி."

களத்தில் இதற்குப் பத்துப் பேர் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. அம்மாதான் கல்யாணம் முடியட்டும் என்றாள் என்று சம்பூரணத்தைப் பார்த்தேன்.

"நான் ஒரு நாள்தான் சொன்னனுங்க" என்றாள் அவள். "மக்யா நாள் விடிஞ்சதுமே, மனசு கேக்கல, சொல்லீருங்கன்னு சொன்னனே. நீங்கதான் சிக்னல் இல்லை சிக்னல் இல்லைன்னு போனைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்தீங்க."

இதை நான் எழுத மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

தாரணி தட்டை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். சாயங்காலம் வந்து, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டாள். என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 20, சனி

உயிரோடு இருக்கிறேன். கட்டி வெளியே வந்துவிட்டது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இருந்ததே இருக்கிறது.

கண் விழித்ததும் நர்சம்மா பெயர் கேட்டார். நாச்சிமுத்து என்றேன். காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினது போல ஒரு சத்தம். குரல் நரம்பைக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்ததாம். நரம்பு அறுபடவில்லை, சோர்ந்திருக்கிறது, சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் எஸ்தர் டாக்டர். நாக்கை நீட்டினால் இடது பக்கம் கோணுகிறது. தண்ணீரை மோவாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விழுங்க வேண்டும், இல்லையென்றால் புரை ஏறுகிறது.

தாரணி எல்லாம் செய்கிறாள். மாத்திரை, துணி, டாக்டரிடம் கேள்வி. என்னிடம் மட்டும் பேச்சு இல்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், அமைதியான குடும்பம் என்று சம்பூரணத்திடம் பாராட்டினாராம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. தாரணி திருப்பூர் போய்விட்டாள். சந்தை நாள். இங்கிருந்தே களத்துச் சத்தம் கேட்கிறது. எனக்குப் பதில் யாரோ கத்துகிறான். மூன்றாம் தரத்தை இழுக்கத் தெரியவில்லை. அப்படிச் சட்டென்று முடித்தால் விலை எப்படி ஏறும். சன்னலைச் சாத்தச் சொன்னேன். சம்பூரணத்துக்குக் கேட்கவில்லை. எழுந்து போய் நானே சாத்தினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தாரணி வந்தாள். சாப்பிட்டு முடித்து, நாற்காலியை என் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்ப்பா."

என்ன என்று கையை ஆட்டினேன்.

"போன மாசம் பதினெட்டாந்தேதி என்கிட்டச் சொல்ல வேண்டியதை. டாக்டர் சொன்னது தெரியும். நெட்லயும் பாத்துட்டேன். நீங்க சொல்லலை. நீங்க சொல்லுங்க."

தொண்டையைக் காட்டினேன்.

"மெதுவாச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்லை."

அடுக்களையில் சம்பூரணம் மிக்சியை நிறுத்தினாள்.

சொன்னேன். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. கழுத்துல ஒரு கட்டி கண்ணு. எங்கொப்பன் எனக்குக் குடுத்தாரு. நான் உனக்குக் குடுத்திருக்கலாம். பாதிக்குப் பாதி. சின்னதுல பாத்தா ஒண்ணும் பயமில்லை. பெருசானா என்னை மாதிரி ஆயிரும். நடுவில் எப்போதும் போல ஏதாவது சேர்க்கலாம் என்றால் அதற்கு மூச்சு மிச்சமில்லை. இத்தனை சின்ன விஷயம்தானா இது என்று எனக்கே தோன்றியது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்கா மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்று கேட்டாள்.

"தெரியல."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எவ்வளவு கஷ்டப்படறீங்க" என்றாள். குரலில் கொஞ்சம் இளக்கம். அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

கரூர்ப் பையனிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"வசந்த்கிட்ட ஆஸ்பத்திரில இருந்தே சொல்லிட்டேன். பரவால்ல, பாத்துக்கலாம்னாரு. அவங்கம்மாகிட்ட அவரு இன்னும் சொல்லலையாம். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலையாம்."

நான் சிரித்தேன். காற்று வந்து இருமலாகி, தலையைக் குனிய வைத்து முதுகைத் தட்டினாள். "உங்களுக்கு ஏத்த மாப்பிள்ளைதான்" என்றாள்.

மே 2, வியாழன்

தாரணி ரத்தம் கொடுத்துவிட்டாள். முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்க்க ஒரு மாதமா. அதற்குள் ஒரு வாழை குலை தள்ளிவிடும்.

மே 14, செவ்வாய்

சென்னியப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போன் பேச முடியாது, அதனால் பஸ். கதவைத் திறந்தவர் என் கழுத்துத் தையல் தழும்பைத்தான் முதலில் பார்த்தார். உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். நான் மோவாயைக் குனிந்து குனிந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகன்களிடம் சொல்லுங்கள் என்று சொன்னேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்.

"உன்ற பொண்ணுக்குச் சொன்னியா?"

"சொன்னனுங்."

"முடிவு என்னாச்சு?"

"வரலீங்."

"வரட்டும், பாக்கலாம்" என்றார். மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீம்பு பரம்பரை என்று டாக்டரிடம் நான் சொன்னது பொய்யில்லை. திரும்பும்போது பஸ்ஸிலும் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கேட்கவில்லை, வேறு ஊருக்கு டிக்கெட் கொடுத்திருந்தார்.

மே 25, சனி

களத்தில் என்னைச் சீட்டு எழுதுகிற மேசையில் உட்காரவைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 6, வியாழன்

முடிவு வந்தது. தாரணிக்கும் இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

இன்று ஸ்கேன். வசந்த் வருகிறேன் என்றானாம், அப்பா மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. டோக்கன் எடுத்து, தப்பான மாடிக்குப் போய், திரும்பி வந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்து, ஒரு வழியாகக் கூப்பிட்டார்கள். ஆண்கள் வெளியே இருங்கள் என்றார் ஒரு அம்மா. தாரணி, "எங்கப்பா இருக்கட்டுமுங்க" என்றாள்.

படுக்க வைத்து, கழுத்தில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, கருவியை வைத்து உருட்டினார்கள். இது வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேனாம். இவள் சம்பூரணம் வயிற்றில் இருந்தபோது என்னை உள்ளே விடவில்லை, வெளியில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். இப்போதுதான் பார்க்கிறேன். கறுப்புத் திரையில் ரத்தம் திட்டுத் திட்டாகச் சிவப்பும் நீலமுமாக ஓடியது. இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வலது பக்கம் வெகுநேரம் பார்த்தார்கள். படத்தை நிறுத்தி, அளந்து, மறுபடி அளந்து.

எஸ்தர் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். வலது பக்கம் பச்சைப்பயறு அளவுக்கு ஒன்று இருக்கிறது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். இன்னும் தெளிவாக ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்போம். வளர்ந்தால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம், குரல் நரம்பை நெருங்க விட மாட்டோம். கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். "நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு உறைத்தது.

வெளியே வந்து லிஃப்ட்டுக்கு நின்றோம். தாரணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பசை எப்போதோ போய்விட்டிருந்தது.

"பயமா இருக்குதுங்ப்பா" என்றாள்.

சின்ன வயதில் தேள் கொட்டியபோதுகூட அவள் இப்படிச் சொன்னதில்லை. என் வாயில் உடனே ஒரு பதில் வந்து நின்றது, பயறு, சுண்டல் என்று ஏதோ. நல்ல பதில்தான். அவள் சிரித்திருப்பாள், நானும் தப்பித்திருப்பேன்.

"எனக்கும்" என்றேன்.

சுற்றிலும் சத்தமாக இருந்தது, கேட்டிருக்காது என்று இன்னும் கிட்டப் போய் மறுபடி சொன்னேன். "எனக்கும் கண்ணு."

முதல் தடவையே கேட்டுவிட்டதாம். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் வந்தது, கூட்டமாக இருந்தது, போய்விட்டது. அடுத்ததற்கு நின்றோம்.